முஹரக் துறையில் பனிப்பை

மீன் காட்டும் பெட்டியை வாங்கிச் சென்றவர், மீன் கிடைத்தால் கடலுக்கு நன்றி சொல்வார். கிடைக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார். பொருளை விற்றபின் அப்பொருளுக்காகக் காலமெல்லாம் பதில் சொல்லும் தண்டனையை நீங்களும் ஏதேனும் ஒரு கடை மேசைக்குப் பின்னால் நின்று அனுபவித்திருந்தால், பின்வருவன உங்களுக்குத் தாமாகவே விளங்கும். அந்தப் பேறு வாய்க்காதவர்களுக்காகச் சில செய்திகளை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

முதலில் அறிய வேண்டியவை

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் நாங்கள் பஹ்ரைனில், மனாமாவின் குதைபியாப் பகுதியில் குடியிருந்தோம். ஊரில் கல்லூரியில் இலக்கணம் நடத்தியவள் நான். அங்கே நன்னூலுக்கு வேலை இல்லை. முஹரக் மீன்பிடித் துறைக்குப் போகும் சாலையில், படகுச் சாதனங்கள் விற்கும் கடையொன்றில் சேர்ந்தேன். அந்தத் துறையிலிருந்து கடலுக்குப் போனவர்களுள் பலர் கன்னியாகுமரி, ராமநாதபுரம், நாகப்பட்டினக் கரைகளைச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் தமிழில் பேசவும், இயந்திரக் கையேடுகளைத் தமிழில் சுருக்கி எழுதவும் கடைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மேலாளர் சலீம் பாய் நாகூர்க்காரர். என் வேலை விண்ணப்பத்தில் ‘முதுகலை’ என்ற சொல்லைக் கண்டதும், வேறொன்றும் கேளாமல் என்னை ‘டீச்சர்’ என்று அழைக்கத் தொடங்கினார். கடை முழுவதும் அவரைப் பின்பற்றியது.

மீன் காட்டும் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீருக்குள் ஓர் உருளை இருக்கும். அதைப் படகுக்காரர்கள் சென்சார் என்பார்கள். அது கீழ்நோக்கி ஒலியை அனுப்பும். கடலடியிலும் மீன்மேலும் பட்டுத் திரும்பும் ஒலியைத் திரையில் கோடாகக் காட்டும். வழக்கமான பெட்டிகளில் சென்சாரைப் படகின் பின்பலகையில் துளையிட்டு முடுக்கி, ஒயரை உள்ளே இழுத்து, கசியாமல் பூச வேண்டும். அந்த வேலைக்கென்றே கடையில் முனியசாமி என்று ஒருவர் இருந்தார்.

ஆனால் சலீம் பாய் ஒருமுறை துபாயில் ஒரு மொத்த வியாபாரி மலிவாகத் தள்ளிவிட்ட சரக்கை, அட்டைப் பெட்டியின் மேலிருந்த மீன் படத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட்டார். பிரித்தபோதுதான் தெரிந்தது, அவை குளிர்நாட்டு ஏரிகளுக்கானவை. அங்கே ஏரி உறைந்து தரைபோல் ஆகிவிடுமாம். மக்கள் அதன்மேல் நடந்து போய், ஒரு துளையிட்டு, அதனருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, துளை வழியே தூண்டிலை ஒரு பக்கமும் சென்சாரை ஒரு பக்கமும் தொங்கவிடுவார்களாம். அதனால் பெட்டி, பேட்டரி, ஒயர், மிதவை எல்லாம் தோளில் மாட்டும் ஒரே பைக்குள் அடக்கம். கடையில் அதற்குப் ‘பனிப்பை’ என்று பெயர் வந்துவிட்டது. கிடங்கின் ஒரு சுவர் முழுவதும் பனிப்பை. வெளியே நிழலிலும் மனிதர் நிற்க முடியாத வெயில்.

அர்பாப் என்று நாங்கள் அழைத்த முதலாளி பஹ்ரைன்காரர், எப்போதாவது வருவார். அவர் வந்து அந்தச் சுவரைப் பார்த்தார். இந்தப் பைகள் விற்காமல் கிடந்தால், பொருத்தும் பிரிவை மூடித்தான் அந்த நட்டத்தை ஈடுகட்டுவேன் என்றார். பிரிவு என்றால் முனியசாமி ஒருவர்தான். அவருடைய விசா குளிர்காலத் தொடக்கத்தில் முடிவதாக இருந்தது. வேறு கபீலிடம், அதாவது விசா தந்து வேலைக்கு வைப்பவரிடம், மாற அர்பாபே ‘ரிலீஸ்’ கடிதம் எழுதித் தர வேண்டும். அவர் யாருக்கும் தந்ததில்லை.

முனியசாமி தொண்டிப் பக்கத்துக்காரர். அவர் மனைவி பஞ்சவர்ணம் அதே தீவில், ரிஃபாவில் ஓர் அரபு வீட்டில் வேலை செய்தார். இருவருக்கும் வெவ்வேறு கபீல். வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் வீட்டு டிரைவர் பஞ்சவர்ணத்தைக் குதைபியாவில் இறக்கிவிட்டு, சூரியன் மறையும் மஃரிபுக்கு வந்து அழைத்துப் போவார். அந்த இடைவெளியில் எங்கள் கட்டடத்தின் கீழிருந்த டீக்கடையில் இருவரும் அமர்ந்திருப்பார்கள். கணவன் மனைவியாக அவர்களுக்கு வாய்த்தது அவ்வளவுதான். முனியசாமியை ஊருக்கு அனுப்பிவிட்டால் பஞ்சவர்ணம் உடன் போக முடியாது. அவருடைய ஒப்பந்தம் அப்போதுதான் புதுப்பிக்கப்பட்டிருந்தது, பாஸ்போர்ட் வீட்டம்மாவின் அலமாரியில் இருந்தது. ஆகவே நாங்கள் விற்க வேண்டியிருந்தவை பைகள். காக்க வேண்டியிருந்தது அந்த வெள்ளிக்கிழமை.

குளிரிலிருந்து வெயிலுக்கு

கையேட்டை என்னிடம் தந்து, தமிழில் ஓர் அட்டை எழுதச் சொன்னார் சலீம் பாய். வரிவரியாகப் படித்தேன். பனியின் தடிமனை அளக்காமல் அதன்மேல் கால் வைக்கக் கூடாது. துளையிடுமுன் காதுகளை மூடிக்கொள்ள வேண்டும். பேட்டரி உறைந்துபோகாமல் கோட்டுக்குள் வைத்திருப்பது நல்லது. விரல்கள் மரத்துப்போனால் உடனே வீடு திரும்ப வேண்டும். சென்சாரைத் தொங்கவிடும் பகுதிக்கு வருவதற்குள் கையேட்டில் பாதி கடந்துவிட்டது. அதுவரை சொல்லப்பட்டவற்றுள் ஒன்றுகூட முஹரக்கில் நிகழ வாய்ப்பில்லை.

எதை விடுவது, எதைக் கொள்வது என்று சலீம் பாயிடம் போய்க் கேட்டேன். மூலத்தில் உள்ளதை விட்டுவிட்டு எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத செயல் என்பதையும் சொன்னேன். அவர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னார்: “குளிருக்கு எழுதினதையெல்லாம் வெயிலுக்கு மாத்தி எழுதிடுங்க டீச்சர். நாடுதானே வேற, மீனு மீன்தானே.”

கறுத்த திரை

முதல் பையை வாங்கியவர் குளச்சல்காரர் ஒருவர். மூடாத ஃபைபர் படகில் போகிறவர். மறுநாளே பையோடு வந்தார். நண்பகலில் திரை மெல்லக் கறுத்து, பிறகு முழுவதும் கறுத்துவிட்டதாம். குளிரைத் தாங்கும் திரை சூட்டைத் தாங்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. “ராத்திரி ஆயிட்டுன்னு மிஷினு நெனச்சிருக்கு, பாத்துக்கிடுங்க. அது கூடவே நானும் வீட்டுக்கு வந்துட்டேன்” என்றார். அவர் சிரிக்கவில்லை.

முனியசாமி பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போல் இருந்தது. அதைக் குளிர வைத்தபோது திரை வெளுத்தது. அடுத்த நாள் அவரும் குளச்சல்காரரோடு படகில் போனார். மீன் போட்டு வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் நொறுக்கிய பனிக்கட்டி இருக்குமல்லவா, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, மீன் காட்டும் பெட்டியை உட்கார வைத்திருக்கிறார். திரை மாலைவரை கறுக்கவில்லை. மீன் வைக்க இடமில்லாமல் போனது வேறு செய்தி.

திரும்பி வந்த குளச்சல்காரர் என் மேசையில் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு, ஏமாற்றப்பட்டவரின் நிதானத்தோடு சொன்னார்: “பனிக்கட்டி மேல இருந்தாத்தான் வேலை செய்யும்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா டீச்சர்.”

நிற்பது யார்

இரண்டாவது பை நாகப்பட்டினத்துக்காரர் ஒருவருக்குப் போயிற்று. மூன்றாம் நாள் அவர் பையைக் கொண்டுவந்தார். ஒயரின் ஒரு முனை மட்டும் அதில் இருந்தது. மறுமுனையும் சென்சாரும் புரொப்பல்லரில் சுற்றி அறுந்துவிட்டிருந்தன. ஓடும் படகிலிருந்து சென்சாரைத் தொங்கவிட்டிருக்கிறார். அது நீரின் இழுப்பில் பின்னால் கிடையாக மிதந்து, கடலடியைப் பார்ப்பதற்குப் பதிலாக அடிவானத்தைப் பார்த்திருக்கிறது. ஆழம் ‘சைபர்’ என்று திரை காட்டியதும், கரை வந்துவிட்டதென்று பயந்து படகைத் திருப்பியிருக்கிறார்.

இப்பெட்டி உட்கார்ந்து மீன் பிடிப்பவர்களுக்கானது, படகை நிறுத்திவிட்டுத்தான் சென்சாரை இறக்க வேண்டும் என்று விளக்கினேன். உறைந்த ஏரி, துளை, முக்காலி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பக்கத்தில் நின்ற முனியசாமியைப் பார்த்து, “டீச்சரு கதையெல்லாம் நல்லாத்தான் சொல்றாங்க” என்றார். பிறகு என்னிடம் கேட்டார்: “அப்ப நிக்கவேண்டியது மீனாம்மா, நானாம்மா?”

அட்டையில் ‘படகை நிறுத்துக’ என்ற வரியை அன்றே சேர்த்தேன்.

விலகாத மீன்

மூன்றாவது பையை வாங்கியவரும் கன்னியாகுமரிப் பக்கம்தான், வயதானவர். சொன்னபடியே படகை நங்கூரமிட்டு நிறுத்தி, சென்சாரை நேராகத் தொங்கவிட்டு, தூண்டிலையும் இறக்கியிருக்கிறார். உடனே படகின் நேர்கீழே தடித்த கோடு ஒன்று தோன்றியது. பெரிய மீன். தூண்டிலை மேலே இழுத்தால் அதுவும் மேலே வந்தது, இறக்கினால் இறங்கியது. இரையைப் பார்க்கிறது, இன்னும் கடிக்கத் துணியவில்லை என்று முடிவு செய்து, உடன் வந்தவர்களையும் அசையவிடாமல், பொழுது சாயும்வரை அதனோடு இருந்திருக்கிறார்.

அது அவருடைய தூண்டிலின் ஈயக்குண்டு. குளிர்நாட்டார் தம் தூண்டில் இருக்குமிடத்தை அறிவதற்காகவே இப்பெட்டி அத்தனை நுட்பமாகச் செய்யப்பட்டிருக்கிறது. கையேட்டின் பெருமையே அதுதான். அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கையில், முனியசாமி சுருக்கமாகச் சொல்லிவிட்டார். கிழவர் அணைந்திருந்த திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “பகல் முச்சூடும் என்னைவிட்டு வெலகாம கெடந்துது டேய்” என்றார் முனியசாமியிடம். “எம் பெஞ்சாதிகூட அப்படி ஒருநாளு கூட இருந்தது கெடையாது.”

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அன்று வியாழக்கிழமை. முனியசாமி சிரிக்காமல் ஒயரைச் சுற்றி வைத்தார்.

குதைபியாவில் ஒரு வாளி

கோடை முழுவதும் இப்படியே போயிற்று. விற்ற பைகளைவிடத் திரும்பி வந்த பைகளே மிகுதி. தவறு பெட்டியில் இல்லை, விளக்கத்தில்தான் என்று நான் நம்பினேன். நம்புவதற்கு வேறொன்றும் மிச்சமில்லை. அட்டையை முற்றிலும் புதிதாக எழுதினேன். ஆறு வரிகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செயல். முனியசாமி செய்து காட்டச் செய்து காட்ட நான் எழுதினேன். வேண்டாத சொல்லை அடித்தேன்.

எழுதியவர் பக்கத்தில் நின்று விளக்கக்கூடிய இடத்தில் எழுத்தைச் சோதிக்க முடியாது. பெட்டியைப் பற்றி ஒன்றும் அறியாத, ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். பஞ்சவர்ணம் எட்டாம் வகுப்புவரை படித்தவர். ஒரு வெள்ளிக்கிழமை இருவரையும் மேலே அழைத்தேன். குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் வைத்து, பையையும் அட்டையையும் பஞ்சவர்ணத்திடம் தந்து, முனியசாமி வாய் திறக்கக் கூடாது என்று கட்டளையிட்டேன். அவர் கதவோரம் ஸ்டூலில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“தப்பாப் போனா வெடிச்சிருமா?” என்று கேட்டார் பஞ்சவர்ணம்.

“நீ படி மொதல்ல” என்றார் முனியசாமி. நான் அவரைப் பார்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

முதல் முறை மூன்றாம் வரியில் தவறு நேர்ந்தது. சென்சாரைச் செருகுமுன்னரே பேட்டரியை இணைத்துவிட்டார். நான் இரண்டு வரிகளை இடம் மாற்றி எழுதினேன். மறுமுறை விரலை வரியின் அடியில் வைத்து உரக்கப் படித்துக்கொண்டே, சிவப்பைச் சிவப்போடு இணைத்து, சென்சாரை வாளியில் நேராகத் தொங்கவிட்டு, பொத்தானை அழுத்தினார். திரை ஒளிர்ந்தது, கோடுகள் ஓடின. வாளிக்கு ஆழம் காட்டாது, ஆனால் எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பஞ்சவர்ணம் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பெருமையாகக் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

“இந்தா, நானே மாட்டிப்புட்டேனே. இதுக்கா ஒங்களுக்குச் சம்பளம் குடுத்து வச்சிருக்காக?”

எடுத்துக்கொண்டு போவதற்கு

புதிய அட்டையோடு பைகள் விற்கத் தொடங்கின. அட்டை மட்டும் காரணமன்று. அதை எனக்கு விளக்கியவர் திருப்பாலைக்குடிக்காரர் ஒருவர், கர்கூர் போடுகிறவர். கர்கூர் என்பது குடை போன்ற பெரிய கம்பிக்கூடு. அதை இறக்குமுன் அடியில் பாறையா மணலா என்று பார்த்தாக வேண்டும்; பார்ப்பதற்குப் படகை நிறுத்தத்தான் வேண்டும். பனிப்பை அதற்குப் போதும். ஆனால் அவருடைய படகில் துளையிட்டுப் பொருத்திய நல்ல பெட்டி ஒன்று ஏற்கெனவே இருந்தது, பொருத்தியவர் முனியசாமிதான்.

பிறகு இது எதற்கு என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். போன படகிலும் தம் கைக்காசில் பெட்டி மாட்டினாராம். படகு கபீலுடையது. ஒருநாள் கபீல் வேறு ஆட்களை ஏற்றிவிட்டார். பெட்டியைக் கேட்டபோது, பலகையில் முடுக்கியது பலகையைச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டாராம். அதற்கு முந்தைய படகிலும் அதுவே நடந்தது. இப்போதிருக்கும் படகிலும் நாளை நடக்கும். துறையில் எவரைக் கேட்டாலும் இதே கதை.

பையைத் தோளில் மாட்டி, வாரை இழுத்துச் சரிசெய்தார். உயரத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். “படகு அவுகளோடது டீச்சர். பை என்னோடது. சாயங்காலம் ரூமுக்கு வந்து என் கட்டிலுக்கு அடியில படுத்துக்கிரும்.”

அந்த வாரத்திலிருந்து அறைக்கு ஒருவராக வந்து வாங்கிப் போனார்கள். கிடங்குச் சுவரில் முதன்முறையாகச் சுண்ணாம்பு தெரிந்தது. முனியசாமி டீக்கடையில் பஞ்சவர்ணத்துக்குச் சமோசா வாங்கிக் கொடுத்ததை நான் பால்கனியிலிருந்து கண்டேன். அந்த வெள்ளிக்கிழமை பிழைத்துவிட்டது என்றே எண்ணினேன்.

ஒரு கேள்வி

வெயில் தணிந்தபின் அர்பாப் வந்தார். காலியான சுவரைப் பார்த்தார். சலீம் பாயின் தோளைத் தட்டினார். சலீம் பாய்க்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மேசையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, “இதைப் படிச்சாப் போதும், அவங்களே மாட்டிக்கிறாங்க” என்று அரபியும் இந்தியும் கலந்து விளக்கினார். ஒருவர்கூடத் திரும்பி வருவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். எல்லாம் உண்மை.

அர்பாப் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு பட்டறைப் பக்கம் திரும்பினார். முனியசாமி அங்கே வேலையொன்றும் இல்லாமல் திருகாணிகளை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். துளையிட வேண்டிய பெட்டிகளை இப்போது யாரும் கேட்பதில்லை. அர்பாப் ஏதோ சொன்னார், சினமாகக்கூட இல்லை. அவர் போனபின் சலீம் பாய் மேசையிலிருந்த பேனாக்களை நேராக்கிக்கொண்டே எனக்கு அதைத் தமிழில் சொன்னார்:

“பை இருக்கு, கார்டு இருக்கு, அப்புறம் அந்த ஆள் எதுக்குன்னு கேக்கிறாரு, டீச்சர்.”

ஏழாவது வரி

தேவையற்ற ஒரு வாக்கியத்தை அறிந்தே எழுதியது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். ஆறு வரிகளுக்குக் கீழே ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: ‘முதன்முறை கடலுக்குக் கொண்டுசெல்லுமுன் கடைப் பொருத்துநரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்க.’ புதிய அட்டைகளை அச்சிட்டு, மிஞ்சியிருந்த பைகளில் நானே வைத்தேன். சலீம் பாய் பார்த்தும் பாராதவர் போல் இருந்தார். முனியசாமியின் விசா முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. நாளொன்றுக்கு இரண்டு பேராவது பையோடு பட்டறைக்கு வந்து நின்றால், அர்பாபின் கண்ணில் அது படும் என்பது என் கணக்கு.

ஒருவரும் வரவில்லை. ஒரு நாள் பை வாங்கியவர் ஒருவர் வேறு எதற்கோ, கயிறு கேட்டோ என்னவோ, கடைக்கு வந்தார். ஆவலை அடக்கிக்கொண்டு, பையைச் சரிபார்க்கக் கொண்டுவரவில்லையா என்று கேட்டேன். அட்டையில் எழுதியிருக்கிறதே என்றேன். அவர் அன்போடுதான் பதில் சொன்னார்:

“ஏழாவது வரிக்கு நாங்க போகவே இல்ல டீச்சர். ஆறாவதுலயே மீன் தெரிஞ்சிருச்சு.”

ஒப்படைப்பு

ரிலீஸ் கேட்டுச் சலீம் பாய் இருமுறை அர்பாப் வீட்டில் விருந்தினரைச் சந்திக்கும் மஜ்லிஸுக்குப் போனார். முதல் முறை காவா என்ற அரபுக் காப்பி கொடுத்தார்கள். இரண்டாம் முறை ‘கலாஸ்’, முடிந்தது, என்ற ஒரு சொல்லோடு அனுப்பிவிட்டார்கள். அவர் அதைப் பட்டறை வாசலில் நின்று முனியசாமியிடம் சொன்னபோது, “சரி பாய், நீங்க என்ன செய்வீக” என்று முனியசாமிதான் அவரைத் தேற்றினார்.

ஒரு புதன்கிழமை அவர் கருவிகளை ஒப்படைத்தார். டிரில், பிட்டுகள், பூச்சுத் துப்பாக்கி, ஒயர் வெட்டி. ஒவ்வொன்றையும் துடைத்து மேசையில் அடுக்கினார். நான் பார்த்து வாங்கிக்கொண்டேன். ஏழாவது வரியை இன்னும் வலுவாக எழுதியிருக்கலாம் என்றேன். அவர் தலையை அசைத்தார். “கார்டுல குத்தம் இல்ல டீச்சர். அவளே மாட்டிப்புட்டாளே” என்றார். டிரில் பிட்டுகளுக்கு அவ்வப்போது எண்ணெய் போடும்படியும், இல்லையென்றால் உப்புக்காற்றில் துரு ஏறிவிடும் என்றும் சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“அவளுக்கு வெள்ளிக்கெழம வேற போக்கெடம் கெடையாது. டிரைவர் கொண்டாந்து அங்கனதான் எறக்கிவிடுவாரு. கொஞ்சம் கீழ எறங்கி வந்து பாருங்க, டீச்சர்.”

பின்னர் உறுதியானவை

பனிப்பைகள் யாவும் விற்றுத் தீர்ந்தன; அதே துபாய் வியாபாரியிடமிருந்து இரண்டாம் சரக்கும் வந்தது. அட்டை மலையாளத்திலும் இந்தியிலும் பெயர்க்கப்பட்டது. ஏழாவது வரி நீக்கப்பட்டது. பட்டறை இருந்த இடத்தில் அலமாரி அடித்து லைஃப் ஜாக்கெட்டுகளை அடுக்கினார்கள். சலீம் பாய் மஸ்கட்டில் ரூவியில் தொடங்கிய கிளைக்கு மேலாளராகப் போனார். முனியசாமிக்கு வேறு விசா அமையவில்லை. வயதைக் கேட்டதும் ஏஜெண்டுகள் கையை விரித்தார்கள், அவர் தொண்டியில் டீசல் எஞ்சின்களைப் பழுதுபார்க்கப் போனார். பஞ்சவர்ணம் ஒப்பந்தம் முடிந்த பின்னும் மாற்றாள் வரும்வரை என்று சொல்லி ரிஃபாவிலேயே நிறுத்திவைக்கப்பட்டார். வெள்ளிக்கிழமைகளில் டீக்கடையில் எனக்கெதிரே அமர்ந்து, தொலைபேசி அட்டையில் முனியசாமியோடு பேசி முடித்தபின், மஃரிப் பாங்கு சொல்லும்வரை வாசலைப் பார்த்தபடி இருப்பார். நான் அந்தக் கடையை விட்டு விலகவில்லை. எனக்கு ஊதிய உயர்வும் கிடைத்தது.

ஒரு சொல்லும் மிகாமல், ஒரு சொல்லும் குறையாமல் எழுதிய அட்டை, ஒரு மனிதரை ஊருக்கு அனுப்பும் அளவுக்குத் திறமையாக வேலை செய்யும் என்பதை எனக்கு இலக்கணம் கற்பித்தவர்களுள் எவரும் சொல்லித் தரவில்லை.